நீர்வழிப் பயணத்தில் பழுதும் பக்கத்துப் படகும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவர், முப்பது அடி நீளப் பழைய பாய்மரப் படகு, கால்வாய்களும் ஆறுகளும் வழியாக ஒரு பருவம் முழுக்கப் பயணம். இருவருக்கும் மெக்கானிக் வேலை தெரியாது. நடுவழியில் ஏதாவது உடைந்தால் என்ன செய்வது? மற்ற படகுக்காரர்கள் உதவுவார்களா, அவர்களுக்குத் தொந்தரவாக இல்லாமல் கேட்பது எப்படி? கடைசியாக, படகில் இருக்கும் வயசான டீசல் எஞ்சினை மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமா?

கருவியை யாரிடமும் இரவல் வாங்கிவிடலாம். உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் பாகத்தை யாரிடமும் வாங்க முடியாது. என் பதிலில் முக்கால்வாசி இந்த இரண்டு வரிதான். மாலையில் நாலைந்து படகு சேர்ந்து நிற்கும் துறையில் உங்களுக்கு வேண்டிய ஸ்பானர் ஒரு படகில் இருக்கும், மல்டிமீட்டர் இன்னொன்றில் இருக்கும், இரண்டையும் பிடிக்கத் தெரிந்த கை மூன்றாவதில் இருக்கும். கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் வாட்டர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லர் அரை சென்டிமீட்டர் அகலம் கூடியிருந்தாலும் உள்ளே போகாது. ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எனவே பணத்தை முதலில் பாகங்களில் போடுங்கள். பெரிய கருவிப்பெட்டி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உள்நாட்டு நீர்வழியில் பாய்மரப் படகு பெரும்பாலும் மோட்டார் படகுதான். கால்வாய் குறுகல், காற்று மரங்களுக்கு மேலே போய்விடும், பல இடங்களில் பாய்மரமே படுத்துக் கிடக்கும். பிரான்சில் 1879-இல் வகுத்த அளவில் கட்டிய கால்வாய்களில் பாலத்துக்கு அடியில் கிடைக்கும் உயரம் சுமார் 3.5 மீட்டர். அமெரிக்காவின் ஈரி கால்வாயில் கிழக்குப் பாதியில் சுமார் 21 அடி, மேற்கே போனால் 15.5 அடி. இதற்குள் நிமிர்ந்த பாய்மரத்தோடு போகவே முடியாது. ஸ்காட்லாந்தின் கலிடோனியன் கால்வாயிலும் ஸ்வீடனின் யோட்டா கால்வாயிலும் பாலங்கள் திறந்து வழிவிடுவதால் பாய்மரத்தை நிமிர்த்தியே போகலாம். அங்கேயும் ஏரிகளை விட்டுக் கால்வாய்க்குள் வந்தால் எஞ்சின்தான். கடலோரத்தில் வார இறுதியில் மட்டும் ஓடி, துறைக்கு வெளியே வந்ததும் அணைந்துவிடும் எஞ்சின் இங்கே காலையிலிருந்து மாலைவரை ஓடப்போகிறது. அதனால் பழுதுகளும் கடல் பழுதுகள் மாதிரி இருக்காது. பாய் கிழிவது அபூர்வம். குளிரூட்டும் தண்ணீர், டீசல், பெல்ட், ப்ரொப்பல்லரில் சிக்கும் குப்பை, இந்த நாலில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அடிக்கடி வரும். எஞ்சின் ஓடும்போது பின்னால் புகைக்குழாய் வழியே தண்ணீர் துப்பும் சத்தத்தைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் மெலிந்து வெற்றுக் குழாய் மாதிரி கேட்டால், அல்லது நீராவி தெரிந்தால், வெப்பமானியைப் பார்க்கும் முன்பே வேகத்தைக் குறைத்து ஒதுங்க இடம் தேடுங்கள். முதல் சந்தேகம், எஞ்சினைக் குளிர்விக்க வெளியிலிருந்து வரும் தண்ணீரின் வடிகட்டி மேல். இலையும் பாசியும் அதை அடைத்துவிடும், இலையுதிர் காலத்தில் ஒரே நாளில் பலமுறைகூட. இரண்டாவது, படகின் அடியில் தண்ணீர் உள்ளே வரும் துளையில் ஒட்டிய பிளாஸ்டிக் பை. எஞ்சினை அணைத்தால் உறிஞ்சும் விசை நின்று பை பல நேரம் தானாகவே கழன்றுபோகும். இரண்டும் இல்லையென்றால் இம்பெல்லர்.

இம்பெல்லர் மாற்றுவதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இருவருமே கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிந்திருக்க வேண்டிய வேலை இது. முதலில் அடியில் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். மூடியதும் எஞ்சின் சாவியைக் கழற்றி அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். வால்வைத் திறக்க மறந்து எஞ்சினைக் கிளப்பினால் புது இம்பெல்லரும் சில நிமிடத்தில் கருகிவிடும், சாவி அங்கே தொங்கினால் மறக்கவே முடியாது. பம்புக்கு அடியில் ஒரு துணியை விரித்த பிறகே மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். அவை சுண்டுவிரல் நகத்தளவுதான், நழுவினால் நேரே படகின் அடிக்குழிக்குள் போய்விடும். பழைய இம்பெல்லரை வெளியே எடுத்ததும் அதன் இறக்கைகளை எண்ணுங்கள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தால், காணாமல் போன இரண்டும் குழாய்க்குள் எங்கோ மாட்டியிருக்கின்றன, பெரும்பாலும் எஞ்சின் சூட்டை அந்தத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில். அவற்றைத் தேடி எடுக்காமல் மூடியைப் போட்டால் அடுத்த வாரமும் எஞ்சின் சூடாகும், காரணமும் புரியாது. புது இம்பெல்லருக்குப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, எஞ்சின் சுற்றும் திசைக்கு ஏற்ப இறக்கைகளை மடக்கி உள்ளே தள்ளுங்கள். பெட்ரோலியம் கிரீஸ் வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும். கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதுசு போடுங்கள். கிளப்பியதும் ஒருவர் பின்பக்கம் போய்த் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

டீசல் விஷயத்தில் பழைய படகுகளுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்த சேறு, படகு ஆடாத வரைக்கும் அப்படியே கிடக்கும். பக்கத்தில் வேகப்படகு ஒன்று அலை கிளப்பிக்கொண்டு போனதும், அல்லது அகலமான ஏரியில் காற்று எழுந்ததும், அது கலங்கி ஃபில்டருக்கு வரும். எஞ்சின் வேகம் ஏறி இறங்கித் திணறும், பிறகு அணையும். ஃபில்டரை மாற்றினால் மட்டும் போதாது, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் சின்ன நெம்புகோலை விரலால் அடித்துக்கொண்டே ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். நுரையோடு வரும் டீசல் குமிழி இல்லாமல் வரும்போது இறுக்குங்கள். அடுத்து, எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்பில் இருக்கும் ஸ்க்ரூ, அங்கேயும் இதே மாதிரி. சில எஞ்சின்கள் இதோடு கிளம்பிவிடும், சிலவற்றில் இன்ஜெக்டர் நட்டுகளையும் தளர்த்த வேண்டியிருக்கும். உங்கள் எஞ்சினில் இந்த ஸ்க்ரூக்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வெள்ளை பெயிண்ட் வையுங்கள். உதவிக்கு வருகிறவர் உங்கள் எஞ்சினை முதல் முறையாகப் பார்ப்பவர். அந்த வெள்ளைப் புள்ளிகள் அவருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெல்ட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போகலாம், கறுப்புத் தூள் கொட்டியிருந்தால் அது தேய்கிறது, மாற்றுங்கள். இரண்டு உதிரி வைத்திருங்கள்.

ப்ரொப்பல்லரில் கயிறோ வலையோ சுற்றினால் படகு அதிரும், வேகம் சட்டென்று விழும். உடனே நியூட்ரல். பெரும்பாலானவர்கள் அடுத்து தண்ணீருக்குள் குதிக்கத்தான் பார்ப்பார்கள். குதிக்காதீர்கள். முதலில் நங்கூரம் போடுங்கள் அல்லது கரையில் கட்டுங்கள், எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் வையுங்கள். கயிற்றின் நுனி கைக்கு எட்டினால், ஒருவர் அதை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே ப்ரொப்பல்லரைச் சுற்றும் தண்டான ஷாஃப்ட்டைக் கையால் பின்பக்கமாகச் சுற்றலாம். பல சமயம் இப்படியே அவிழ்ந்துவிடும். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு இடங்களில் ஒருபோதும் இறங்கக் கூடாது. ஒன்று, நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும் தொட்டியான லாக்கின் கதவுக்கோ தடுப்பணைக்கோ பக்கத்தில். இன்னொன்று, படகுகளுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் துறையில். ஏதோ ஒரு படகில் வயர் கசிந்தால் மின்சாரம் தண்ணீருக்குள் பரவும். நன்னீரைவிட மனித உடல் நன்றாக மின்சாரம் கடத்துவதால் அது உடல் வழியாகவே பாயும். கடல்நீரைவிட நன்னீரில் இந்த ஆபத்து அதிகம். உயிர் போயிருக்கிறது. பக்கத்துப் படகுக்காரர் "நான் குதிச்சுப் பார்க்கிறேன்" என்று அன்பாகச் சொன்னாலும் தடுத்துவிடுங்கள்.

கரை மின்சாரத்தைப் பேசும்போதே இன்னொன்று. ஒரே துறையில் மின் இணைப்பு போட்ட படகுகள் எல்லாம் எர்த் வயர் வழியாக ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அப்போது பக்கத்துப் படகின் உலோகத்தைக் காப்பாற்ற உங்கள் ஆனோடு, அதாவது படகின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே பொருத்தும் உலோகத் துண்டு, கரையத் தொடங்கலாம். கால்வனிக் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்தினால் இது நிற்கும். கடலில் போட்டிருந்த துத்தநாக ஆனோடும் நன்னீரில் சரியாக வேலை செய்யாது. நீண்ட நாள் நன்னீரில் இருக்கப் போகிறீர்கள் என்றால் மெக்னீசியம், உப்பும் நன்னீரும் கலந்த இடமென்றால் அலுமினியம்.

சரி, எஞ்சின் அணைந்துவிட்டது, சுற்றிலும் யாரும் இல்லை. முதல் ஐந்து நிமிடம் பழுது பார்க்கும் நேரமே இல்லை, படகை நிறுத்தும் நேரம். கால்வாய்க்குள் நுழைந்ததும் பலர் நங்கூரத்தைக் கட்டி உள்ளே வைத்துவிடுகிறார்கள், இங்கே எதற்கு என்று. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: உள்நாட்டு நீர்வழியில், அதுவும் நீரோட்டமுள்ள ஆற்றில், நங்கூரம் கடலில் இருப்பதைவிடத் தயாராக இருக்க வேண்டும். கடலில் எஞ்சின் நின்றால் பெரும்பாலும் யோசிக்க நேரம் கிடைக்கும். ஆற்றில் கீழே தடுப்பணை இருந்தால் நீரோட்டம் அங்கேதான் இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் நின்றதும் மிச்சமிருக்கும் வேகத்தை வைத்தே சுக்கானைத் திருப்பிப் படகுப் பாதையின் ஓரத்துக்கு வாருங்கள், ஒருவர் அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்று நங்கூரத்தை இறக்கட்டும். அப்புறம் வானொலி. அவசர அழைப்புக்கு விஎச்எஃப் 16-ஆம் சேனல் பொதுவானது. லாக்குகளும் பாலங்களும் எந்தச் சேனலில் கேட்கின்றன என்பது ஊருக்கு ஊர் மாறும், அமெரிக்காவில் பெரும்பாலும் 13. அந்தந்த நீர்வழியில் நுழையும்போதே எண்ணைக் காகிதத்தில் எழுதி சுக்கான் பக்கத்தில் ஒட்டுங்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் படகு கட்டுப்பாட்டில் இல்லை என்றால் "பான்-பான்" என்று மூன்று முறை சொல்லி, இடத்தையும் நிலைமையையும் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, அந்த அழைப்பு இருப்பதே இதற்காகத்தான்.

இப்போது மனிதர்கள் பக்கம் வருகிறேன். உதவுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். உதவுவார்கள், அதற்கு நல்ல மனசு மட்டும் காரணமில்லை, நீர்வழியின் அமைப்பே காரணம். பல கால்வாய்களில் யாரும் மணிக்கு எட்டுப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. எல்லாரும் ஒரே லாக்குக்காகக் காத்திருக்கிறார்கள். காலையில் உங்களோடு லாக்குக்குள் நின்றவரே மாலையில் அதே துறையில் கட்டுவார், நாளைக்கும் கட்டுவார். ஈரி கால்வாயின் கிழக்கு முனையில் வாட்டர்ஃபோர்டில் 5 லாக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. கலிடோனியனில் பானவி என்ற இடத்தில் 8 லாக்குகள் படிக்கட்டு மாதிரி ஒட்டியே நிற்கின்றன. அந்த வரிசையை ஏறி முடிப்பதற்குள் முன்பின் தெரியாத இரண்டு படகுக்காரர்கள் ஒருவர் கயிற்றை ஒருவர் பிடித்துப் பழகிவிடுவார்கள். கடலில் ஒரு வாரம் கூட ஓடினாலும் வராத பழக்கம் இது.

எனவே நட்பு தொடங்கும் இடம் லாக்தான், அங்கே நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். கயிற்றைக் கட்டுத்தறியில் சுற்றி மறுமுனையைக் கையிலேயே வைத்திருங்கள், முடிச்சுப் போடாதீர்கள். நீர் இறங்கும்போது கட்டிப்போட்ட கயிறு படகைச் சுவரிலேயே தொங்கவிட்டுவிடும், படகில் கயிறு கட்டும் க்ளீட் பிய்ந்து தெறிக்கும். கத்தி ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பக்கத்துப் படகு உங்கள் மேல் சாய்ந்து நிற்க வேண்டியிருந்தால் அந்தப் பக்கமும் ஃபெண்டர் (மோதலைத் தாங்கும் மெத்தை) தொங்கவிட்டுத் தயாராக இருங்கள், அவர் கேட்பதற்கு முன்பே. கரைக்கு வரும் படகின் கயிற்றை வாங்கினால் உங்கள் இஷ்டத்துக்கு இழுக்காதீர்கள். "எங்கே போடட்டும்?" என்று கேட்டு அவர் சொல்லும் கட்டுத்தறியில் போடுங்கள். அன்பு மிகுதியால் அணியக் கயிற்றை இழுத்து, பின்பக்கத்தை வெளியே தள்ளிவிடுகிறவர்களை எல்லாத் துறையிலும் பார்க்கலாம்.

வழியில் கடந்து போவதிலும் ஒரு மரியாதை உண்டு. பின்னால் வேகப்படகு வருகிறது, அவர் வானொலியில் கூப்பிட்டு மெதுவாகக் கடக்கிறேன் என்கிறார். நீங்கள் 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தால் அவரால் மெதுவாகக் கடக்கவே முடியாது, உங்களைத் தாண்ட 8 நாட்டாவது வேண்டும், அந்த வேகத்தில்தான் மோசமான அலை எழும். நீங்கள் 3 நாட்டுக்கு இறங்கினால் அவர் 5-இல் நழுவிப் போய்விடுவார். அவர் அலையைப் பற்றிக் குறைபடும் முன் நாம் வேகத்தைக் குறைத்தோமா என்று பார்க்க வேண்டும்.

உதவி கேட்கும் விதம். "எஞ்சின் ஓடவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் வருகிறவர் உங்கள் பிரச்சினை முழுவதையும் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். "எஞ்சின் திணறி அணைந்தது, ஃபில்டரை மாற்றிவிட்டேன், காற்றை எடுக்கும்போது குமிழி நிற்கவே இல்லை, ஒரு நிமிடம் வந்து பார்க்க முடியுமா?" என்று கேட்டால் அவர் ஸ்பானரோடு வருவார். அந்தக் குமிழி நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஃபில்டர் ரப்பர் வளையம் சரியாக உட்காராததோ, டேங்கிலிருந்து வரும் குழாயில் தளர்ந்த க்ளாம்போதான். அனுபவமுள்ளவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஸ்பானர் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். அவர் சொல்லட்டும், நீங்கள் செய்யுங்கள். அடுத்த முறை நீங்கள் தனியாக இருப்பீர்கள்.

இதில் ஒரு சிக்கலும் வரும். உங்கள் எஞ்சின் மூடி திறந்திருப்பதைப் பார்த்தால் ஒருவர் அல்ல, நாலு பேர் வருவார்கள். நாலு பேரும் நல்லவர்கள், நாலு பேருக்கும் நாலு காரணம் தோன்றும், ஒருவர் இன்ஜெக்டரைத் தளர்த்தும்போது இன்னொருவர் வயரைப் பிடுங்கிப் பார்ப்பார். கடைசியில் எது பழுது, எது புதுசாகச் செய்த பழுது என்று தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், மாற்றியதைத் தாளில் எழுதுவது, சரியாகாவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்தது. இதைப் படகின் சொந்தக்காரராக நீங்கள்தான் சொல்ல வேண்டும், பணிவாக, ஆனால் தெளிவாக. "இதை முடிச்சிட்டு உங்க யோசனையையும் பார்த்துடலாம்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரவல் வாங்கிய கருவியை அன்று இரவே, எண்ணெய் துடைத்து, திருப்பிக் கொடுங்கள். அவருடைய ஹோஸ் க்ளாம்போ டேப்போ செலவாகியிருந்தால் அடுத்த ஊரில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பணம் நீட்டினால் பெரும்பாலானவர்களுக்குச் சங்கடம். அவருடைய படகில் கைகொடுக்க வேண்டிய வேலை ஏதாவது இருக்கும், அதைக் கேட்டுச் செய்தால் அவருக்கும் சந்தோஷம். அவர் கூப்பிடாமல் அவர் எஞ்சினைப் பற்றி யோசனை சொல்லாதீர்கள். அடுத்தவர் படகுக்குள் போகும்போது வெளியே நின்று குரல் கொடுத்து, வாங்க என்ற பிறகே ஏறுங்கள். படகுகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கட்டியிருக்கும்போது கரைக்குப் போக அவர் படகைத் தாண்டித்தான் போக வேண்டும், அப்போது காக்பிட் வழியாகப் போகாமல் அணியப் பக்கமாகப் போவது எல்லா இடத்திலும் வழக்கம். பாய்மரங்கள் நிமிர்ந்திருந்தால், இரண்டு பாய்மரங்களிலும் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் குறுக்குக் கைகள் நேருக்கு நேர் நிற்காதபடி ஒரு படகைக் கொஞ்சம் முன்னே தள்ளிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு அலை வந்ததும் மேலே மோதிக்கொள்ளும்.

இழுத்துக்கொண்டு போக ஒருவர் முன்வந்தால், அமைதியான கால்வாயில் நீளக் கயிற்றில் பின்னால் இழுபடுவதைவிடப் பக்கத்தில் கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. பின்னால் இழுபடும் படகுக்கு பிரேக் கிடையாது, லாக்குக்குள் முன்படகு நின்றதும் போய் இடிக்கும். பக்கத்தில் கட்டும்போது, எஞ்சின் ஓடும் படகின் அமரம் (பின்முனை) உங்கள் அமரத்தைத் தாண்டிப் பின்னால் இருக்க வேண்டும், அப்போதுதான் அவருடைய சுக்கான் இரண்டு படகையும் திருப்பும். இரண்டு பக்கமும் சாய்வாக ஓடும் ஸ்ப்ரிங் கயிறுகள்தான் பாரத்தைத் தாங்கும், அவற்றை இழுத்து இறுக்கமாகக் கட்டுங்கள். அணியத்திலும் அமரத்திலும் ஒவ்வொரு கயிறு போடுங்கள். இரண்டு படகுக்கும் நடுவில், உங்களிடம் இருக்கும் ஃபெண்டர் எல்லாவற்றையும் தொங்கவிடுங்கள். 3 நாட் போதும். சொல்கிறவர் ஒருவர்தான், அது எஞ்சின் ஓடும் படகில் இருப்பவர். இழுப்பவர் தொழில்முறை நிறுவனமாக இருந்தால் மட்டும், கயிற்றை வாங்கும் முன்பே இது வெறும் இழுவையா, மீட்புப் பணியா, எவ்வளவு என்று கேட்டு முடித்துவிடுங்கள். மீட்புப் பணி என்றால் கட்டணம் படகின் மதிப்பைப் பொறுத்துப் போகலாம்.

தரைதட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடியில் கனமான கீல் நீட்டிக்கொண்டிருக்கும் படகுக்கு அது வரும். அமெரிக்கக் கிழக்குக் கரையின் உள்நீர்வழியில் நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை பெயரளவில் 12 அடி ஆழம் என்பார்கள், மணல் சேரும் இடங்களில் அது இருக்காது. நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் படகும் கடலில் இருந்ததைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே மிதக்கும். தட்டியதும் எஞ்சினை முன்னோக்கி முறுக்காதீர்கள், சேற்றை உறிஞ்சிக் குளிரூட்டும் வழியை அடைத்துக்கொள்ளும். வந்த வழியே பின்வாங்கப் பாருங்கள். நகராவிட்டால் இருவரும் ஒரே பக்கம் போய்ப் படகைச் சாயுங்கள், கீல் கொஞ்சம் தூக்கும். மீண்ட பிறகு அந்த இடத்தைப் பின்னால் வருகிறவர்களுக்கு வானொலியில் சொல்லுங்கள், எந்த மிதவைக்குப் பக்கத்தில், எவ்வளவு ஆழம் இருந்தது என்று. அன்று உங்களுக்குப் பின்னால் வரும் எல்லாருக்கும் வரைபடத்தைவிட அதுதான் பயன்படும்.

பாய்மரத்தை இறக்கும் நாள் தனி. கிரேன் உள்ள துறையில் ஒருவர் இறக்கும்போது மற்றவர்கள் கூடுவார்கள், கூடவும் வேண்டும், மூன்று நாலு கை இல்லாமல் முடியாது. அதற்கு முந்தின நாளே பாய்மரத்தைத் தாங்கும் ஒவ்வொரு கம்பிவடத்துக்கும் பெயர் எழுதி டேப் ஒட்டுங்கள். கம்பிவடத்தை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் எந்தப் புரியில் நின்றது என்று டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப நிமிர்த்தும்போது பழைய இறுக்கம் கிடைக்கும். உள்ளே ஓடும் விளக்கு வயர், வானொலி வயர் இரண்டையும் கழற்றினீர்களா என்று கிரேன் தூக்கும் முன் ஒருமுறை பாருங்கள். படுத்த பாய்மரம் அணியத்துக்கும் அமரத்துக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், லாக்கில் பின்பக்கம் சுழன்றால் அந்த முனைதான் முதலில் சுவரில் இடிக்கும். இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டுங்கள். உங்கள் வேலை முடிந்ததும் போய்விடாமல் அடுத்தவர் பாய்மரத்துக்கும் நில்லுங்கள்.

கூட்டாகப் போவதில் நான் எச்சரிப்பது ஒன்றே ஒன்று. நாலு படகு சேர்ந்து போகும்போது, காலையில் அவர்கள் கிளம்புகிறார்கள் என்பதற்காகப் பாதியில் நிற்கும் பழுதை அப்படியே மூடிவிட்டு நீங்களும் கிளம்பத் தோன்றும். அவர்கள் படகு 7 நாட் போகும், உங்கள் எஞ்சின் அதற்கு இழுத்துப் பிடித்து ஓடிச் சூடாகும். விட்டுவிடுங்கள், போகட்டும். மழை வந்தாலோ, ஒரு லாக் ஒரு நாள் பழுதானாலோ, எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள், நீங்களும் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். அதேபோல எல்லா மாலையும் எல்லாரோடும் உட்கார வேண்டியதில்லை. சின்னப் படகில் இருவர் நாளெல்லாம் சேர்ந்தே இருக்கிறீர்கள், தனியாக ஒரு மாலை வேண்டும் என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசிக் கேள்வி, எஞ்சினை மாற்ற வேண்டுமா. குளிர்ந்த எஞ்சின் உடனே கிளம்புகிறதா, சூடான பிறகு புகை நிற்கிறதா, ஆயிலில் தண்ணீர் கலந்த வெண்மை இல்லையா, ஒரு மணி நேரம் முக்கால் வேகத்தில் ஓடியும் வெப்பம் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நாலுக்கும் ஆம் என்றால் மாற்ற வேண்டாம். வயசான எஞ்சினுக்குப் பாகம் இன்னும் விற்கிறதா என்பது மட்டும் முக்கியம், விற்காவிட்டால் யோசிக்கலாம். மாற்றாமல் மிச்சமாகும் பணத்தில் இம்பெல்லர் 3, அதற்கு கேஸ்கெட், டீசல் ஃபில்டர் நாலைந்து ஜோடி, பெல்ட் 2, ஆயில் ஃபில்டர், தெர்மோஸ்டாட், ஷாஃப்ட் நுழையும் இடத்தில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சரியான அளவு பேக்கிங், பல அளவில் ஹோஸ் க்ளாம்ப் வாங்குங்கள். புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் வளைவைக் கழற்றி உள்ளே கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பழைய எஞ்சின்களில் பலரும் மறக்கும் இடம் அது. பிறகு துறையில் கட்டியிருக்கும்போதே, உங்கள் சொந்தக் கருவிகளை மட்டும் வைத்து, ஒரு சனிக்கிழமை இம்பெல்லரையும் ஃபில்டரையும் பெல்ட்டையும் நீங்களே மாற்றிக் காற்றை எடுத்துக் கிளப்புங்கள், மறுநாள் உங்கள் மனைவி அதையே செய்யட்டும். எந்த நட்டுக்கு உங்களிடம் ஸ்பானர் இல்லை என்று அன்று தெரிந்துவிடும். அந்த ஸ்பானரை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.